வலப்பக்கம் கேட்கவில்லை என்றார்

புதிதாக விற்பனை வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்தேன். அடியில் சக்கரம் வைத்திருக்கிறார்கள். நல்லது, உங்கள் முதுகாவது பிழைக்கட்டும்.

ஒலியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அதைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. வாடிக்கையாளர் வீடு வீடாக விலை உயர்ந்த ஹெட்போன்களைத் தூக்கிக்கொண்டு போய், இதையும் அதையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் காட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. எத்தனை வீடு, எத்தனை சோபா, எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருப்பார்கள்! ஆழம் இருக்கிறது, விரிவு இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது என்பார்கள். நானும் ஆமாம் என்பேன். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டில் ரேடியோகூட இல்லை. காலையில் பால்காரர் மணி அடிப்பதே எனக்குப் போதும்.

வேலைக்கு வேண்டியது கொஞ்சம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எது கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லும். காதை நம்புங்கள், ஆனால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு நம்புங்கள். அடுத்தது, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது. பளபளப்பைப் பார்க்காதீர்கள். தலைப்பட்டை காதுக் கிண்ணத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே திருகாணி இருக்கிறதா, பசை இருக்கிறதா? காதுக் குஷனைக் கழற்றி மாற்ற முடிகிறதா? பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டக்காரர் என்னிடம் பாட்டே கேட்கவில்லை. மூன்று ஹெட்போன்களையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எது உடைந்தால் வீட்டிலேயே சரி பண்ணலாம் என்று மட்டும் கேட்டார். திருகாணி உள்ளதைக் காட்டினேன். காப்பி கொடுத்தார், வாங்கிக்கொண்டார். இன்றுவரை ஒரு புகார் இல்லை. எல்லா வீடும் அப்படி இருந்தால் நான் இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இன்றைக்கு வந்ததற்குக் காரணம்.

கொடைக்கானலில் ஒரு வாடிக்கையாளர். பெயர் தங்கராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மலை கிராமத்தில் பூண்டு போடும் குடும்பம். இரண்டு பிக்கப் வண்டி வைத்துப் பூண்டு லோடு இறக்கி, நன்றாக வந்து, டவுனுக்கு வெளியே ஒரு வீடு கட்டியிருந்தார். இருபது வயதிலிருந்து மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். அந்த லாரியின் ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தத்தோடு கலந்து கேட்ட பாட்டையெல்லாம் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. போனில் பார்க்க வேண்டிய வீடியோவெல்லாம் பார்த்து வைத்திருந்தார். ஹெட்போனுக்குள் சத்தத்தை எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்று என்னைக் கேட்டார். நானே பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவருக்கு மூன்று கொண்டுபோயிருந்தேன். ஒன்று முழுக்க உலோகச் சட்டம், நல்ல கனம். அதில் கேட்டால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நிற்கும், ஆனால் அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். மலைக் குளிரில் எடுத்துக் காதில் வைத்தால் ஐஸ் வைத்தாற்போல் இருக்கும். இன்னொன்று மரக் கிண்ணம் வைத்தது, லேசானது. குரல் அதில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி வரும். மூன்றாவது தோல் குஷன் போட்டு முழுக்க மூடியது. கொடைக்கானல் பனியில் அந்தத் தோல் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறீர்கள் என்றார்.

மூன்றையும், அவற்றுக்குச் சத்தம் கூட்டித் தரும் ஆம்ப்பையும் அவர் வீட்டில் விட்டுவிட்டு, நான் டவுனில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டேன். நிதானமாகக் கேளுங்கள், திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்பது பேச்சு. சனிக்கிழமை அவர் வத்தலக்குண்டு போய் லோடு இறக்கிவிட்டுச் சாயங்காலம் மலை ஏறி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எனக்குப் போன். குரலில் கோபம்.

"என்ன மேடம் இது? மூணும் ரிப்பேராக் கெடக்கு. வலப்பக்கம் ஒண்ணுமே கேக்கலை."

மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது, ஆம்ப்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு டாக்சி பிடித்துப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி முத்துலட்சுமி கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேல்மலையில் பிக்கப் ஓட்டும் பெண்கள் ரொம்பப் பேர் இல்லை, இவர் ஒருவர். ராத்திரியிலிருந்து எரிஞ்சு எரிஞ்சு விழுறாருக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க என்று வாசலிலேயே மெதுவாகச் சொன்னார்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். மரம், உலோகம், தோல். மூன்றிலும் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. ஆம்ப்பிலும் குறை இல்லை. எனக்கு நன்றாகக் கேட்கிறது என்றேன். அது சொல்லக் கூடாத வார்த்தை. புதியவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போயிற்று என்று ஒருவர் சொல்லும்போது, இல்லை நன்றாக இருக்கிறது என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் சொன்னதாக ஆகிவிடும். தங்கராசுவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் காதுக்குக் கேக்கலைன்னு சொல்றேன், உங்க காதுக்குக் கேட்டா எனக்கென்ன என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

மர ஹெட்போனை அவர் கையில் கொடுத்து, திருப்பி மாட்டச் சொன்னேன். இடது கிண்ணம் வலக் காதில், வலது கிண்ணம் இடக் காதில். பாட்டைப் போட்டேன்.

"இப்ப எந்தப் பக்கம் கேக்கலைங்க?"

அவர் யோசித்தார். ஒருமுறை கழற்றி, சரியாக மாட்டினார். மறுபடி திருப்பி மாட்டினார். கிண்ணம் மாறினாலும் கேட்காத பக்கம் மாறவில்லை. அது அவருடைய வலக் காதோடேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உடனே ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. நேத்து மலை ஏறும்போது காது அடைச்சுச்சு, அதான் இன்னும் விடலை என்றார். முத்துலட்சுமியும் நிம்மதியானார். மலையில் இருப்பவர்களுக்குக் காது அடைப்பது ஒரு விஷயமே இல்லை. எச்சில் முழுங்குவார்கள், கொட்டாவி விடுவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள். விட்டுவிடும். அவர் ராத்திரி பூராவும் அதைத்தான் செய்திருக்கிறார். விடவில்லை. கூடவே உள்ளே ஒரு இரைச்சல், குக்கர் ஆவி விடுவது போல.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் மதுரையில் காது கேட்கும் கருவி விற்கும் கடை ஒன்றில் இருந்தேன். அங்கே காதைப் பரிசோதிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டு, மாதம் கழித்துக் கருவி வாங்க வருபவர்களைப் பார்த்தால் மட்டும் அவர் முகம் மாறும். அன்னைக்கே வந்திருக்கலாமே என்று மட்டும் சொல்வார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்லி அவர் ஒரு சோதனை பார்ப்பார். நீங்களே இப்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்' என்று இழுத்துப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் போகும். வெறும் அடைப்பு என்றால் அப்படித்தான். உள்ளே நரம்பில் கோளாறு என்றால் சத்தம் நல்ல காதுப் பக்கம் போய்விடும். இது வைத்தியம் இல்லை. சந்தேகப்படுவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

தங்கராசுவை 'ம்' என்று இழுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சும்மா இழுங்க அண்ணே என்றேன். இழுத்தார்.

"சத்தம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடப்பக்கம்."

வலப்பக்கம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன். இன்னொரு தரம் இழுக்கச் சொன்னேன். அதே பதில்.

ஒரு போன் பண்ணிட்டு வர்றேன் என்று வெளியே வந்து எங்கள் மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மாதக் கடைசி, அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்க டாக்டரா என்று கேட்டார். இல்லை என்றேன். வாடிக்கையாளரின் காதில் குறை என்று சொன்னால் அவர் அவமானமாக எடுத்துக்கொள்வார், நாளைக்கு நமக்கே பிரச்சினையாகும் என்றார். அதற்கு அவரிடம் சுலபமான வழி இருந்தது. ஆம்ப்பில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், கோயம்புத்தூரிலிருந்து வேறு ஆம்ப் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதற்குள் காதும் தானாகச் சரியானால் ஆம்ப் மாற்றியதால் என்று நினைத்துக்கொள்வார். யாருக்கும் சங்கடம் இல்லை.

மழையில் அந்த வாசலில் நின்றுகொண்டு அதை யோசித்துப் பார்த்தேன். தங்கராசுவும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார் என்று தெரியும். ஆம்ப் வரும்வரை காத்திருப்பார். அந்த இரண்டு மூன்று நாள்தான் எனக்கு உறுத்தியது. என் சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு விற்பனை போகும், என் மானம் கொஞ்சம் போகும். சரியாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டால் போவது அவருடைய காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சார், நான் அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன்.

உள்ளே போய் இருவரையும் உட்காரச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, நான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்று முதலில் சொன்னேன். இது மலை ஏறியதால் வந்த அடைப்பு மாதிரி எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கே காது டாக்டர் பார்த்தால் நல்லது, தள்ளிப்போட்டால் மருந்து பிடிக்காமல் போகலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. விற்க வந்த பொருளைக் காப்பாற்ற என் காதைக் குறை சொல்கிறாயா என்கிற பார்வை. வாயால் சொல்லவில்லை. எனக்குச் சோலி கெடக்கு, நாளைக்கு லோடு ஏத்தணும் என்று எழுந்துவிட்டார்.

 மூன்று ஹெட்போன்களையும் ஆம்ப்பையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். இன்னைக்கு நான் எதையும் விக்கலை அண்ணே, நீங்க வாங்க வேண்டாம், டாக்டரை மட்டும் பாருங்க என்றேன்.  பெட்டி மூடிய பிறகு முத்துலட்சுமி ஆணியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார்.

டவுனில் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை. தட்டினால் ரீங்காரமிடும் ஒரு இரும்புக் கவையை நெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டார். உடனே மதுரைக்குப் போங்கள், இன்றைக்கே காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி, அவரே அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். இனி என் வேலை முடிந்தது என்று லாட்ஜுக்குக் கிளம்பினேன். முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் வாங்கக்கா, அங்க என்ன கேக்குறாங்க, என்ன சொல்றாங்கன்னு எனக்குப் புரியாது என்றார். பெட்டியோடு பின் சீட்டில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடைக்கானலை விட்டு இறங்குவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வந்த கூட்டமெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும். பாதி வழியில் வேன்களும் கார்களும் நகராமல் நின்றுவிட்டன. எங்கேயோ மரக்கிளை விழுந்து கிடக்கிறது என்றார்கள். மழையும் விடவில்லை. ஆட்கள் குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆரன் சத்தம் தாங்கவில்லை. தங்கராசு இடப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். 

அப்புறம் தங்கராசு வெளியே பார்த்தபடியே, வண்டியத் திருப்பு, ரெண்டு நாள்ல தானா விட்டுரும், லோடு நிக்குது என்றார்.

முத்துலட்சுமி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

பின் சீட்டில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவருக்கு வலப்பக்கம், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை. அவர் திரும்பவில்லை. கேட்டும் பேசாமல் இருக்கவில்லை, கேட்கவே இல்லை. ஜன்னல் வழியாக வந்த ஆரன் சத்தத்தைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.  

அவர் புருஷனின் தோளைத் தொட்டார். தங்கராசு திரும்பினார்.

"திருப்ப மாட்டேன்" என்றார் முத்துலட்சுமி.

அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு மதுரைவரை லோடைப் பற்றிப் பேசவில்லை.

மதுரையில் பரிசோதித்துவிட்டு, நரம்புதான் என்றார்கள். அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார்கள். கேட்கும் திறன் முழுசாகத் திரும்பும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. சீக்கிரம் வந்தது நல்லது என்று மட்டும் அந்த டாக்டர் சொன்னார். தங்கராசுவை அங்கே சேர்த்துவிட்டு, நான் பெட்டியோடு பஸ் ஏறினேன். மேலாளர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது தூக்கம்தான் வேண்டியிருந்தது.

நான் செய்தது சரி என்று உங்களிடம் நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. முனகல் சத்தம் வலப்பக்கம் போயிருந்தால், நானும் அடைப்புத்தான் என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அது எங்கே என்று பாருங்கள். உங்கள் பொருளில் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் வேலை அதோடு முடிகிறது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் அனுபவத்தில் அப்படி முடிந்ததில்லை.

சில மாதம் கழித்துத் தங்கராசுவே போன் பண்ணினார். அந்த மூன்றையும் மறுபடி கொண்டுவர முடியுமா என்று கேட்டார். போனேன். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். காது பாதி திரும்பியிருந்தது. தடித்த சத்தமெல்லாம் வருகிறது, மெல்லிசான சத்தம் வரவில்லை என்றார். முத்துலட்சுமி அவருக்கு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்தார். வீட்டு நாற்காலிகளையே அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

மர ஹெட்போனை முதலில் போட்டார். வலப்பக்கம் தகரத்தில் தட்டுன மாதிரி இருக்கு என்றார். ஆம்ப்பில் வலப்பக்கத்துச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தேன். தகரத்தின் சத்தம்தான் கூடியது. உலோகச் சட்டத்தைப் போட்டார். அதிலும் அப்படித்தான். தோல் வைத்ததைத் தொடவில்லை. மில்லிமீட்டர் கேட்கவில்லை, ஒன்றையும் கேட்கவில்லை. மரத்தையே மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, விரலால் கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அதை மனைவியின் தலையில் மாட்டினார். முத்துலட்சுமி வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தார். அவர் விடவில்லை. கொண்டைக்குத் தகுந்தபடி பட்டையை இறக்கி, இரண்டு கிண்ணமும் காதில் சரியாக உட்காரும்படி பார்த்து வைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டைப் போட்டேன்.

முத்துலட்சுமிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கண் அசையாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கராசு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் ஒரு பக்கக் கிண்ணத்தை லேசாக விலக்கிக் கேட்டார்.

"வலப்பக்கம் என்ன வருது?"

ஹெட்போன் போட்டவர்கள் பேசுவது போல முத்துலட்சுமி சத்தமாகச் சொன்னார். "சலங்கை மாதிரி ஒண்ணு. ரொம்ப மெல்லிசா. விட்டு விட்டு."

"ஆமா," என்றார் தங்கராசு. "மொத நாளே நான் கேட்டேன். அது இருக்கு."

கிண்ணத்தை மறுபடி மனைவியின் காதில் வைத்தார். அன்றைக்கு அவர்கள் எதையும் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன்.